பிஎஸ்-6 டிப்பர் எடுக்கலாமா? இரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவனின் பதில்

க.பரமத்தி பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா 2012-ல் எடுத்த 10 வீல் டிப்பர் இன்னும் ஓடுகிறது. ஆனால் வருடா வருடம் எஃப்சிக்கு (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு) ஆகும் செலவு தாங்கவில்லை. புதுசு எடுக்கலாம் என்றால் பட்டறையில் எல்லோரும் "புது வண்டியில் யூரியா தொல்லை, ரீஜென் தொல்லை, பேசாமல் நல்ல பிஎஸ்-4 வண்டியாகப் பார்த்து எடு" என்கிறார்களாம். வைத்து ஓட்டுகிறவர்களின் அனுபவம் உண்மையில் எப்படி இருக்கிறது என்பது அவர் கேள்வி. பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் விதி, 4 பழசு, 6 புதுசு.

தம்பி, நான் சங்ககிரி. 1998-லிருந்து லாரித் தொழில். இப்போது வீட்டில் இரண்டு பிஎஸ்-6 வண்டி இருக்கிறது. 2021-ல் எடுத்த 12 வீல் ஒன்று, வடக்கே லோடு போய் வருகிறது. 2022-ல் எடுத்த 10 வீல் டிப்பர் ஒன்று, குவாரிக்கும் கல் உடைக்கிற கிரஷருக்கும் ஓடுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி, இன்ஜினும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 வீல் வண்டி இதுவரை புகை சம்பந்தப்பட்ட கோளாறால் ஒரு தடவைகூட ரோட்டில் நிற்கவில்லை. டிப்பர் முதல் வருடத்திலேயே ஏழு தடவை சர்வீஸ் சென்டர் போனது. ஒரே இன்ஜின் இப்படி இரண்டு விதமாக நடந்துகொண்டது ஏன் என்று புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்தது. பிஎஸ்-5 என்று ஒன்று இல்லாமலேயே நாலிலிருந்து ஆறுக்குத் தாவினோம். டீசலில் இருந்த கந்தகத்தை 50 பிபிஎம்-லிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்-ஆகக் குறைத்தார்கள். வண்டியில் வந்த பெரிய மாற்றம் சைலன்சரில்தான். இப்போது அங்கே தொங்குவது வெறும் தகர டப்பா இல்லை. இன்ஜினிலிருந்து வரும் புகை முதலில் ஒரு வினையூக்கியைத் தாண்டி, அப்புறம் டிபிஎஃப் என்கிற வடிகட்டிக்குள் போகிறது. கரி அங்கே தங்கிவிடும். அதற்கடுத்து யூரியாக் கரைசலைப் பீய்ச்சி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றி வெளியே விடுகிறது. யூரியா பிஎஸ்-6-ல் வந்த புதுசு என்று நினைக்காதீர்கள். பிஎஸ்-4 காலத்திலேயே சில கம்பெனி வண்டிகளில் அது இருந்தது. கனரக வண்டிக்கு உண்மையில் புதிதாக வந்தது இந்தக் கரி வடிகட்டிதான்.

வடிகட்டி என்றால் நிறையத்தானே செய்யும்? நிறைந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் ரீஜென். லோடோடு ஹைவேயில் ஒரே சீராகப் போகிற வண்டியில் சைலன்சர் நல்ல சூட்டில் இருப்பதால் இது பாட்டுக்கு நடக்கும், டிரைவருக்கே தெரியாது. என் 12 வீல் வண்டியில் அப்படித்தான். டிப்பருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குவாரியிலிருந்து கிரஷருக்கு ஏழு கிலோமீட்டர், அதில் பாதி மண் ரோடு. போய் வரிசையில் நிற்க வேண்டும், நின்று கொட்ட வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். சைலன்சர் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். கரி சேரும், எரியாது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், டிரைவர் கண்டுகொள்ள மாட்டார். அப்புறம் இரண்டாவது விளக்கு. அதற்கப்புறம் இழுவை குறையும். லோடோடு மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி நகராது. "புது வண்டி இழுக்கவில்லை" என்று நீங்கள் கேள்விப்படுகிற புகாரில் பெரும்பகுதி இந்தக் கதைதான்.

விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ரீஜென் சுவிட்சை அழுத்த வேண்டும். ஆர்பிஎம் தானே ஏறும். அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டிருக்கும். முதல் தடவை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மத்தியானம் ஒரு மணி, குவாரி ஓரம். சைலன்சருக்கு அருகே போக முடியவில்லை, இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி அனல். கீழே கிடந்த காய்ந்த கோரைப்புல் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு, டிரைவரைக் கூப்பிட்டு உடனே ரீஜெனை நிறுத்தச் சொல்லி, வண்டியை வெறும் பாறை மேல் எடுத்து நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினோம். உள்ளே சூடு 600 டிகிரியை நெருங்கும். காய்ந்த புல், வைக்கோல், டீசல் பேரல் பக்கத்தில் ரீஜென் போடக் கூடாது என்பதை உங்கள் டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

என் டிப்பருக்கு மருந்தாக அமைந்தது வேலையை மாற்றிக் கொடுத்ததுதான். வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூருக்கு எம்சாண்ட் லோடு பேசினேன். ஹைவேயில் இரண்டு மூன்று மணி நேரம் லோடோடு சீராக ஓடினால் வடிகட்டி தானே சுத்தமாகிவிடுகிறது. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு சுவிட்ச் அழுத்தி ரீஜென் போடுவது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. உங்கள் வண்டி முழுக்க முழுக்க குவாரிக்குள்ளேயே சுற்றப் போகிறது என்றால், தினமும் வேலை முடிந்த பிறகு நின்ற இடத்தில் ரீஜென் போடும் நேரத்தையும் டீசலையும் கணக்கில் சேர்த்துத்தான் வாடகை பேச வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்துவிட்டு அப்புறம் வண்டியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அந்த ஏழு தடவையில் மூன்று தடவை கரியால் இல்லை, யூரியாக் கோளாறு. ஒவ்வொரு தடவையும் யூரியா பீய்ச்சும் நாசிலில் வெள்ளையாக உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து அனுப்புவார்கள், ஒன்றரை மாதத்தில் மறுபடி வரும். யூரியா மாற்றிப் பார்த்தேன், பம்ப் மாற்றினார்கள், தீரவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பையன், சர்வீஸ் சென்டரில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், "அண்ணா, உங்கள் டிரைவர் வண்டியை எப்படி ஆஃப் செய்கிறார்?" என்று கேட்டான். எங்கள் டிரைவர் இருபது வருடப் பழக்கத்தில் சாவியைத் திருப்பிய கையோடு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணைத்துவிடுவார். பழைய வண்டியில் அது நல்ல பழக்கம். புது வண்டியிலோ, சாவி ஆஃப் ஆன பிறகு பம்ப் கொஞ்ச நேரம் ஓடிக் குழாயில் மிச்சமிருக்கும் யூரியாவைத் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கொள்ளும். காதை வைத்துக் கேட்டால் "கிர்ர்" என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். அது அடங்குவதற்குள் கரண்டை வெட்டினால் குழாயிலேயே யூரியா நின்று, சூட்டில் காய்ந்து, கல்லாகிவிடும். அன்றிலிருந்து சாவியை எடுத்த பிறகு மூன்று நிமிடம் கழித்துத்தான் கட்-ஆஃப். நாசில் அடைப்பு அதோடு நின்றது. டிரைவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வண்டியைக் கொடுத்தவர்களும் சொல்லவில்லை, நானும் கையேட்டைப் படிக்கவில்லை.

யூரியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், காசு வீணாவது இங்கேதான். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, மைலேஜ் லிட்டருக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 லிட்டர் டீசல். யூரியா அதில் 5 சதவீதம் என்றால் 100 லிட்டர், 20 லிட்டர் கேனாக ஐந்து கேன். டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் 1,84,000 ரூபாய். யூரியா 60 ரூபாய் என்றால் 6,000. லட்சத்து எண்பதாயிரத்துக்கு டீசல் அடிக்கிறவன் இந்த ஆறாயிரத்தில் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான், லட்சக்கணக்கில் விலையுள்ள வினையூக்கியைக் கெடுத்துக்கொள்கிறான்.

இந்தக் கரைசல் 32.5 சதவீதம் தூய யூரியாவும் மிச்சம் உப்பே இல்லாத தண்ணீரும் சேர்ந்தது. வயலுக்குப் போடும் யூரியாவை வாங்கிப் போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2015-லிருந்து நம் நாட்டில் விவசாய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் வினையூக்கியில் போய்ப் படிந்தால் அது திரும்பி வராது. அதோடு மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட. கடையில் வாங்குவதிலும் கவனம் வேண்டும். என் வண்டிக்கு ஒரு கடையில் ஆறு மாதம் வாங்கிய பிறகுதான், ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையளவு கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 32-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 27 காட்டியது. தண்ணீர் கலந்திருக்கிறார்கள். அந்தக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், ஒரு தடவைச் செலவுதான். அளவு 31.8-க்கும் 33.2-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆனால் எண்ணெய், சுண்ணாம்பு மாதிரி அழுக்கை அது காட்டாது. அதற்கு மூடி உடையாத, நல்ல கம்பெனிக் கேன் வாங்குவது ஒன்றுதான் வழி.

கேனைத் தகரக் கொட்டகையில் அடுக்கி வைக்காதீர்கள். 35 டிகிரிச் சூட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்பதுதான் அதற்கான தர அளவு, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் அதைவிடச் சூடு. ஊற்றும் புனல் தனியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில். பித்தளை கூடாது, அரித்துவிடும். டீசல் ஊற்றிய புனலை மறந்தும் எடுக்கக் கூடாது.

இன்னொரு ஆலோசனையும் உங்களுக்கு நிச்சயம் வரும்: "ஒரு சின்னப் பெட்டி மாட்டிவிட்டால் யூரியாவே வேண்டாம், வண்டியை ஏமாற்றிவிடலாம்." வேண்டாம் தம்பி. சட்டப்படி குற்றம், வாரண்டி அன்றோடு போச்சு. அதைவிட, நாள் முழுக்க அந்தப் புகைக்குள் நிற்பது கிரஷரில் வேலை செய்கிற நம் ஆட்கள்தான். அங்கே கல்தூசி ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

டீசலும் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய வண்டியில் பேரலில் டீசல் கொண்டுவந்து, வாயில் உறிஞ்சி டேங்குக்கு விட்டோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போது இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் 1,600 பாருக்கு மேல். தூசியும் தண்ணீரும் ஒரு சொட்டுப் போனாலும் இன்ஜெக்டர் காலி. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை வாரம் ஒரு தடவை திறந்து வடித்துவிடச் சொல்லுங்கள். ஏர் எடுக்கிறேன் என்று, ஓடுகிற இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்த எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், கையையே இழந்துவிடலாம்.

ஆயில் விஷயத்தில், டிப்பருக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். நின்றபடியே இன்ஜின் ஓடும் நேரம் மீட்டரில் ஏறாது. சாம்பல் குறைவான ஆயில் என்று கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள். ஆயில் எரிந்து வரும் சாம்பல் ரீஜெனில் போகாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

பாடி கட்டப் போகிறீர்கள் என்றால் அங்கே ஒரு நாள் நீங்களே போய் நில்லுங்கள். சேசிஸில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவின் இணைப்பையும் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாமக்கல்லில் பெரிய பாடி பட்டறைகளில் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள். ஊர் ஓரத்தில் டிப்பர் பாக்ஸுக்கு ஒரு பிளேட் ஒட்டவைக்கிற சின்னப் பட்டறையில்தான் மறந்துவிடுகிறார்கள். எடையையும் பாருங்கள். 2018 ஜூலையில் ஆக்ஸில் எடையைக் கூட்டிய பிறகு, 25 டன்னாக இருந்த 10 வீல் வண்டி இப்போது 28 டன் வகையில் வருகிறது. பாக்ஸில் தேவையில்லாமல் ஏற்றுகிற ஒவ்வொரு நூறு கிலோவும் தினமும் ஒவ்வொரு நடையிலும் நீங்கள் இழக்கிற லோடு. அதை ஓவர்லோடில் ஈடுகட்டலாம் என்றால், 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

சரி, பிஎஸ்-4 பழைய வண்டி எடுக்கலாமா? உங்கள் வேலை முழுக்கக் குவாரிக்குள்ளேயே, மூன்று நான்கு வருடத்துக்கு மட்டும்தான் வண்டி வேண்டும் என்றால் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கிடைக்கிற பிஎஸ்-4 வண்டி எல்லாமே 2020 ஏப்ரலுக்கு முன்னால் தயாரானது. எட்டு வருடம் தாண்டினால் எஃப்சி வருடா வருடம். எந்தச் செலவிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ அதே செலவு சீக்கிரமே வந்து நிற்கும். விற்கும் விலையும் இறங்கும். வெளிமாநிலப் பதிவு பிஎஸ்-3 சரக்கு வண்டிகளை 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் விடுவதில்லை, பிஎஸ்-4-க்கு 2026 அக்டோபர் 31 வரைதான் கெடு. உங்கள் டிப்பர் டெல்லி போகப் போவதில்லை. ஆனால் அங்கே ஓட்ட முடியாத வண்டிகள் எல்லாம் நம் பக்கம் விலைக்கு வரும்போது நீங்கள் வைத்திருக்கிற வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று யோசியுங்கள். புது வண்டி பக்கம் ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 35 லட்சம் என்றால் மூன்றரை லட்சம் குறைவு.

என்னைக் கேட்டால் புதுசு எடுங்கள் என்பேன், வாரம் இரண்டு நாளாவது வெளியூர் லோடு பிடிக்க முடியும் என்றால். இழுவை பழைய வண்டியோடு ஒப்பிடவே முடியாது. டிப்பரில் லோடோடு மேடு ஏறும்போது இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது மூன்றாவதில் போகிறோம். அதோடு, 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நான் இதை மனதார வரவேற்கிறேன். பங்குனி வெயிலில் இன்ஜினுக்கு மேல் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஓட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிரஷரில் வரிசையில் நிற்கும்போது ஏசிக்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டால், டீசல் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் போவதோடு, சூடில்லாத சைலன்சரில் கரியும் சேரும். டிரைவர் நிழலில் உட்கார அங்கே ஒரு கொட்டகை போட்டுத் தரச் சொல்லி கிரஷர்காரரிடம் கேளுங்கள். நாங்கள் நான்கு வண்டிக்காரர்கள் சேர்ந்து கேட்டோம், போட்டுக் கொடுத்தார்கள்.

ஷோரூமில் மைலேஜைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள், அவர்கள் சொல்வது உங்கள் மண் ரோட்டில் வராது. உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர், ராத்திரி கூப்பிட்டால் கோளாறு பார்க்க லேப்டாப்போடு ஆள் வருவாரா, டிபிஎஃப்புக்கும் நாக்ஸ் சென்சாருக்கும் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) வாரண்டி எத்தனை வருடம், டிப்பருக்கு அது மணிக்கணக்கா கிலோமீட்டர் கணக்கா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். "இன்ஜினுக்கு ஆறு வருடம்" என்று வாயால் சொல்வதில் சென்சார் சேர்ந்திருக்காது.

கையெழுத்துப் போடப் போகும் அன்று உங்கள் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒருநாள் பேட்டா கொடுத்து, அங்கே நிற்கும் வண்டியில் ஏற்றி, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், ரீஜென் சுவிட்ச் எங்கே இருக்கிறது, சாவியை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துக் கட்-ஆஃப் போட வேண்டும் என்று அவர் கையாலேயே செய்து பார்க்க வையுங்கள். அப்பாவின் வண்டியை இத்தனை வருடம் ஓட்டியவர் என்றால், ஒருமுறை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார்.